ஜெனரேட்டருக்கு ரூம் இருக்கு... தவிலுக்கு?

லைப்ரரின்னு சொன்னதும் உங்க காதுல முதல்ல விழற சத்தம் எது? 'உஷ்ஷ்ஷ்...!' அதானே? சுவத்துல 'அமைதி காக்கவும்' போர்டு, தலைக்கு மேல கடகடன்னு ஓடுற ஃபேன், யாராவது நாற்காலியை இழுத்தா நாற்பது தலை ஒரே நேரத்துல திரும்பிப் பார்க்கிற பார்வை. நாம எல்லாரும் இப்படிப்பட்ட லைப்ரரியில வளர்ந்தவங்கதான்.

இப்ப ஒரு சின்ன கேள்வி. நீங்க படிக்கிற பாடமே சத்தம்தான்னா என்ன பண்ணுவீங்க?

கெமிஸ்ட்ரி படிக்கிறவருக்கு லேப் இருக்கு. கிரிக்கெட் ஆடுறவருக்கு கிரவுண்ட் இருக்கு. சங்கீதம் படிக்கிறவருக்கு? 'வீட்ல வாசிச்சுக்கோப்பா' என்பதுதான் பெரும்பாலும் பதில். அந்த வீடு எப்படிப்பட்ட வீடு, பக்கத்துல யார் தூங்குறாங்கன்னு யாரும் கேட்கிறதில்லை. அதைப் பத்திப் பேசத்தான் இந்தக் கட்டுரை. நீங்க மிருதங்கமே தொட்டதில்லைன்னாலும் படிங்க. உங்க ஹாஸ்டல்ல கிடார் வெச்சிருக்கிற அந்த ஒருத்தருக்காகவாவது படிங்க!

தூங்காத ஊர்

நான் ஓசூர்க்காரன். சிப்காட்ல ஒரு கம்பெனியில குவாலிட்டி செக்‌ஷன்ல வேலை. காலேஜ் நாட்கள்ல இருந்தே வயலின் கத்துக்கிறேன். பெரிய வித்வான் எல்லாம் இல்லை பாஸ். ஒரு வர்ணத்தை ரெண்டு காலத்துல சுருதி விலகாம வாசிச்சுட்டா அன்னிக்கு எனக்கு தீபாவளி.

எங்க ஊரைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பைக், லாரி, கைக்கடிகாரம், ரோஜாப்பூ... எல்லாத்துக்கும் பேர் போன ஊர். மூணு ஷிப்ட் ஓடுது. அதனால ஓசூர் எப்பவும் தூங்காது. அதே சமயம் எப்பவும் யாரோ தூங்கிட்டே இருப்பாங்க. லைன் வீடுகள்ல குடியிருக்கிறவங்களுக்கு இது நல்லா புரியும். வரிசையா ஆறு வீடு, நடுவுல ஒரே பொதுச் சுவர். இந்தப் பக்கம் தாளிச்சா அந்தப் பக்கம் தும்மல் வரும்.

அப்படி ஒரு வீட்டுல காலையில ஒன்பது மணிக்கு நான் சரளி வரிசையை ஆரம்பிச்சா என்ன ஆகும்? பக்கத்து வீட்டு அண்ணன் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து நிப்பார். ''தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நைட் ஷிப்ட் முடிச்சு இப்பதான் கண்ணு அசந்தேன். சாயங்காலமா வாசிக்கிறீங்களா?'' அவர் மேல என்ன தப்பு? சரின்னு சாயங்காலம் எடுத்தா, மறுபக்கத்து வீட்டுல பத்தாங்கிளாஸ் பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணு. அது மேலயும் தப்பில்லையே!

வயலினோட குதிரை மேல மாட்டுறதுக்கு 'மியூட்'னு ஒரு சின்ன சாமான் கிடைக்கும். அதை மாட்டினா சத்தம் அடங்கிடும். ஆனா கூடவே நாதமும் அடங்கிடும். வில் எங்க இடறுது, சுருதி எங்க லேசா இறங்குதுன்னு சொல்ற நுணுக்கமான சத்தம்தான் முதல்ல காணாமப் போகும். கண்ணாடியை துணியால மூடிட்டு தலை வாருற மாதிரி!

அப்புறம் சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போய் வாசிச்சேன். காத்துல நொட்டேஷன் நோட்டு பறக்கும். நாலு மூலையிலும் கல்லு வெச்சுட்டு வாசிப்பேன். மழை வந்தா லீவு. ஓசூர்ல எப்ப மழை வரும்னு யாருக்குத் தெரியும்?

காலேஜ் லைப்ரரியிலும் முயற்சி பண்ணினேன். எந்தக் காலேஜ்னு கேட்காதீங்க, கிட்டத்தட்ட எல்லா காலேஜும் இப்படித்தான். வாசல்லயே, ''பை, டிபன் பாக்ஸ், ஹெல்மெட், அந்தப் பெட்டி எல்லாத்தையும் ரேக்குல வெச்சுட்டு வாங்க''ன்னாங்க. அந்தப் பெட்டி என் வயலின்! ரேக் மேல நேரா வெயில். பல வயலின்கள்ல பலகையை ஒட்டுறதுக்கு விலங்குப் பசை போட்டிருப்பாங்க. சூடு ஏறினா அது இளகிடும். சரி, உள்ள போய் ஹெட்போன்ல கேட்கவாவது செய்யலாம்னு கேட்டேன். நூலகர் நல்ல மனுஷன். ''உனக்கு விட்டா எல்லாரும் சினிமாப் பாட்டு கேட்பாங்களே தம்பி''ன்னு சிரிச்சார். அவர் சிரிப்புலயும் நியாயம் இருந்துச்சு. அவர்கிட்ட இருந்தது ஒரே ஒரு ஹால்!

என் வயலினாவது மியூட்டுக்கு அடங்கும். தவில்?

என்கூடப் படிச்ச ஒருத்தன் கெலமங்கலம் பக்கத்துக் கிராமம். நாகஸ்வரக் குடும்பம். அப்பா ஊதினா இவன் தவில். வலது கை விரல்ல கூடு மாட்டிக்கிட்டு அவன் ஒரு தீர்மானம் வைச்சான்னா, கல்யாண மண்டபத்துல சாப்பிட்டுட்டு இருக்கிறவங்க கூட இலையில கையை நிறுத்திட்டுத் திரும்பிப் பார்ப்பாங்க. படிப்புக்காக ஓசூர்ல நாலு பேரோட ரூம் எடுத்துத் தங்கினான். தவிலைக் கொண்டு வந்து மூணாவது நாளே ஹவுஸ் ஓனர் சொல்லிட்டார்: ஒண்ணு தவில் போகணும், இல்ல நீ போகணும். தவிலை ஊருக்கு பஸ் ஏத்திட்டான். கொஞ்ச நாள் தலையணையில குச்சியால அடிச்சுப் பழகினான். அப்புறம் அதுவும் இல்லை. படிப்பு முடிஞ்சதும் கான்ட்ராக்ட் வேலை, மாறி மாறி ஷிப்ட். முகூர்த்த நாள்ல லீவு கிடைக்காது. இன்னிக்கு அந்தத் தவில் ஊர்ல பரண் மேல, தோல் தளர்ந்து கிடக்கு.

அவனுக்குத் திறமை குறைஞ்சதால விடல. ஆர்வம் குறைஞ்சதாலயும் விடல. இடம் இல்லாததால விட்டான். இது எனக்கு இன்னும் தொண்டையில நிக்குது.

இதுல ஒரு வேடிக்கை சொல்றேன். இந்தியாவுல ஆயிரம் கே.வி.ஏ. வரைக்கும் உள்ள டீசல் ஜெனரேட்டர்களுக்கு, ஒரு மீட்டர் தள்ளி நின்னு அளந்தா 75 டெசிபலுக்கு மேல சத்தம் போகக்கூடாதுன்னு விதி இருக்கு. அதனால ஒவ்வொண்ணும் சத்தம் அடக்குற கூண்டுக்குள்ளதான் உட்கார்ந்திருக்கு. சிப்காட்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தப் பெட்டிகளைப் பார்க்கலாம். ஆக, சத்தத்தை எப்படி அடக்கணும்னு நம்ம ஊருக்கு நல்லாவே தெரியும்! ஜெனரேட்டருக்குக் கிடைச்ச ரூம் தவிலுக்குக் கிடைக்கல, அவ்வளவுதான்.

கண்ணுல புத்தகம், காதுல பாட்டு, கையில வாத்தியம்

'லைப்ரரின்னா படிக்கத்தானே, வாசிக்க எதுக்கு?'ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி.

சுப்பராம தீட்சிதர் எழுதின 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'ன்னு ஒரு பெரிய புத்தகம். 1904-ல எட்டயபுரத்துல அச்சானது. முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளை ஸ்வரம் போட்டு, ஒவ்வொரு ஸ்வரத்தையும் எப்படி அசைக்கணும்னு கமகக் குறிகளோட அதுல பதிஞ்சு வெச்சிருக்கார். மூலம் தெலுங்கு எழுத்துல இருக்கு. பின்னாடி சென்னை மியூசிக் அகாடமி தமிழ்லயும் கொண்டு வந்தது. அந்தக் குறிகளைப் பார்த்தா நெளிவும் புள்ளியுமா இருக்கும். கண்ணால எவ்வளவு நேரம் முறைச்சாலும் புரியாது. வாசிச்சுப் பார்க்கணும். பெரியவங்க பாடின பதிவு இருந்தா பக்கத்துல வெச்சுக் கேட்கணும். மறுபடி வாசிக்கணும். அதாவது புத்தகம், காது, கை மூணும் ஒரே நேரத்துல ஒரே மேசையில இருக்கணும்.

இன்னொரு உதாரணம். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர், 1917-ல 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். ஒரு ஸ்தாயியில 22 சுருதிதான்னு பலரும் சொல்லிக்கிட்டு இருந்தப்ப, 24-ன்னு கணக்குப் போட்டு வாதாடினவர். அதுக்கு முந்தின வருஷம் பரோடாவுல நடந்த அகில இந்திய இசை மாநாட்டுல, கணக்கை மட்டும் வாசிச்சுட்டு அவர் இறங்கி வரல. தன் குடும்பத்துப் பெண்களையே இசைக்க வெச்சு, சபை காதால கேட்கிற மாதிரி காட்டினார். சங்கீதத்துல ஒரு வாதத்தை நிரூபிக்கணும்னா சத்தம் போட்டுத்தான் ஆகணும். ஆய்வுக்கூடம் இல்லாம இயற்பியல் நடத்த முடியுமா? அதே கதைதான் இங்கேயும்.

'உஷ்ஷ்' சொல்லாத லைப்ரரி எப்படி இருக்கும்?

நல்ல இசை நூலகத்தை மூணு மண்டலமா பிரிச்சிடுவாங்க.

முதல் மண்டலம், அமைதி. வழக்கமான வாசிப்பு மேசைதான். ஆனா அகலமா இருக்கணும். ஒரே கிருதிக்கு மூணு பதிப்பு இருக்கும். மூணையும் விரிச்சு வெச்சு ஒப்பிடணுமே!

ரெண்டாவது, காது மட்டும் வேலை செய்யுற மண்டலம். ஹெட்போனோட கேட்கும் மேசைகள். பழைய இசைத்தட்டு, கேசட், சி.டி., கம்ப்யூட்டர் கோப்பு எல்லாத்தையும் இங்க கேட்கலாம். சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள்ல ஹெட்போன் மாட்டிய மின்னணு பியானோவே போட்டிருக்காங்க. வாசிக்கிறவருக்கு மட்டும் கேட்கும், பக்கத்துல இருக்கிறவருக்கு விரல் தட்டுற 'டொக் டொக்' மட்டும்தான்.

மூணாவது, கதவு மூடுற மண்டலம். ரெண்டு மூணு பேர் உட்காரக்கூடிய சின்ன அறைகள். ஒரு சுருதிப் பெட்டி, ஒரு ஜமுக்காளம், ஒரு நொட்டேஷன் ஸ்டாண்டு. புத்தகத்தை உள்ள கொண்டு போகலாம், வாத்தியத்தையும் கொண்டு போகலாம். மணிக்கணக்கு போட்டு முறை வெச்சு எடுத்துக்கலாம்.

இங்க ஒரு ரகசியம். ரூம் சவுண்ட் ப்ரூஃப் ஆகணும்னு ஹாஸ்டல் பசங்க முட்டை அட்டையை சுவர் பூரா ஒட்டுவாங்க. ப்ளீஸ், அந்த வேலை வேண்டாம்! முட்டை அட்டை உள்ளே எதிரொலியைக் கொஞ்சம் மாத்தும்; வெளியே போற சத்தத்தைத் தடுக்காது. சத்தத்தைத் தடுக்கிறது கனம். கனமான சுவர், கனமான கதவு, ரெண்டு சுவருக்கு நடுவுல காத்து இடைவெளி. அதைவிட முக்கியம், கதவுக்கு அடியில இருக்கிற சந்து. காத்து போற இடத்துல எல்லாம் சத்தமும் போகும். கதவைச் சுத்தி ரப்பர் பட்டை ஒட்டினாலே பாதி தொல்லை தீர்ந்த மாதிரி இருக்கும்.

இந்த மூணு மண்டலமும் சரியா நடக்க ஒரு ஆள் வேணும். இசை தெரிஞ்ச நூலகர்! ஏன்னா இங்க தேடுறதே வேற மாதிரி. யாரும் புத்தகத்தோட பேரைச் சொல்லிக் கேட்க மாட்டாங்க. 'காம்போதியில ஆதி தாளக் கிருதி ஒண்ணு வேணும்'பாங்க. அதே ராகத்தை ஒரு பட்டியல் 'காம்போதி'ன்னும், இன்னொண்ணு 'காம்போஜி'ன்னும் எழுதியிருக்கும். ராகம், தாளம், பல்லவியின் முதல் வரி, இயற்றியவர், பாடியவர் இப்படி அஞ்சு வழியிலும் தேடக் கிடைச்சாதான் அது பட்டியல்.

'எல்லாம்தான் யூ-டியூப்ல இருக்கே பாஸ்!'னு ஒரு குரல் கேட்குது. இருக்கு, சந்தோஷம். நானும் தினமும் கேட்கிறேன். ஆனா அது எந்த வருஷக் கச்சேரி, பக்கவாத்தியம் யார், முழுசா இருக்கா நறுக்கினதான்னு பல நேரம் தெரியாது. 78 சுற்று இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்குச் சுமார் மூணு, மூணரை நிமிஷம்தான் இடம். அதுக்குள்ள அடங்கணும்னே பாட்டைச் சுருக்கிப் பாடினாங்க. இது தெரியாம கேட்டா, 'அந்தக் காலத்துல ஆலாபனையே பண்ண மாட்டாங்க போல'ன்னு நினைச்சுடுவோம்! தவிர, போன் உங்களுக்குப் பாட்டைத் தரும். வாசிக்க இடம் தருமா?

எங்கெல்லாம் இருக்கு?

நம்ம தமிழ்நாட்டுக்கு இதுல பெரிய பாரம்பரியமே உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்துல இந்திய இசைத் துறை 1932-ல ஆரம்பமாச்சு. டைகர் வரதாச்சாரியார் தலைமையில தொடங்கி, அப்புறம் பேராசிரியர் பி.சாம்பமூர்த்தி வளர்த்த துறை. 1949-ல அரசு சென்னையில ஆரம்பிச்ச கர்னாடக இசைக் கல்லூரிக்கு முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வர். 2013-ல இசை, கவின்கலைக்குன்னே தனிப் பல்கலைக்கழகம் சட்டம் போட்டு உருவாச்சு. இன்னிக்குச் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகள் எல்லாம் அதோட குடைக்குள்ள இருக்கு.

மியூசிக் அகாடமி 1928-ல பிறந்தது. அதோட ஆய்விதழ் 1930-ல தொடங்கியது. அகாடமி வளாகத்துல டேக் குழுமத்தோட சேர்ந்து ஒரு டிஜிட்டல் ஒலிக் காப்பகமும் அமைச்சாங்க. தொடுதிரையில பாடகரையோ ராகத்தையோ தேர்ந்தெடுத்து, ஹெட்போன்ல பழைய கச்சேரியைக் கேட்கலாம். ஆனா காப்பி எடுக்க முடியாது. கோபப்படாதீங்க, காரணம் காப்புரிமை. இந்தியாவுல ஒரு ஒலிப்பதிவுக்கு, அது வெளியான வருஷத்துக்கு அப்புறம் 60 வருஷம் உரிமை உண்டு. 1960-ல வெளியான இசைத்தட்டுக்கு 2020 முடிவோடதான் உரிமை தீர்ந்துச்சு.

தரமணியில இருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர்ல ஒரு தனி மனுஷர் சேர்த்த சேகரிப்புல இருந்து 1994-ல உருவானது. நாடகப் பாட்டு, இசைத்தட்டுப் பாட்டுன்னு அந்தக் காலத்துல மலிவு விலையில வித்த சின்னச் சின்ன பாட்டுப் புத்தகங்கள் அங்க பத்திரமா இருக்கு. தஞ்சை சரஸ்வதி மகால்ல இசைச் சுவடிகளே இருக்கு.

இன்னொரு விஷயம் கேளுங்க. அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல வெஸ்லியன் பல்கலைக்கழகம். பாலசரஸ்வதியோட தம்பிகள் மிருதங்கம் ரங்கநாதனும் புல்லாங்குழல் விஸ்வநாதனும் அங்க ஆசிரியர்களா இருந்தாங்க. அங்க இருக்கிற உலக இசைக் காப்பகத்துல நம்ம கர்னாடக இசைப் பதிவுகளும் இருக்கு. நம்ம ஊர்ல பதிஞ்சு வெளிநாட்டு அலமாரிக்குப் போற இசையோட பிரதி இந்தியாவுலயும் இருக்கணும்னுதான், ஆய்வாளர் நசீர் ஜைராஸ்பாய் 1982-ல ஒரு இசை ஆவணக் காப்பகத்தை ஏற்படுத்தினார். அது டெல்லிக்குப் பக்கத்துல குருகிராம்ல இருக்கு. பாருங்க, பாட்டு நம்மளுது. அதை உட்கார்ந்து கேட்கிற நாற்காலிக்காக எத்தனை தூரம்!

ஓசூர்ல இருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர். ஞாயித்துக்கிழமை லீவுல போய்ட்டு வர்ற கதையா அது? நிறைய நூலகம் அன்னிக்குத்தான் மூடியிருக்கும்!

நம்மகிட்ட ஒரு சொத்து இருக்கு

ஆனா நம்ம எல்லைப்புறத்துப் பசங்களுக்கு ஒரு லாபம் இருக்கு. சென்னைப் பசங்க சுலபத்துல சம்பாதிக்க முடியாத லாபம்.

ஓசூர் மார்க்கெட்ல அரை மணி நேரம் நில்லுங்க. கத்தரிக்காய் விலை தமிழ்ல கேட்பீங்க, தெலுங்குல பேரம் நடக்கும், சில்லறை கன்னடத்துல வரும். இது நமக்கு சாதாரணம். ஒரு கர்னாடக இசை நூலகத்தோட அலமாரியைக் கற்பனை பண்ணிப் பாருங்க. தியாகராஜர் தெலுங்கு, புரந்தரதாசர் கன்னடம், முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் தமிழ். மத்த ஊர்ப் பசங்க அர்த்தம் தெரியாம மனப்பாடம் பண்ற சாகித்யம், நமக்குப் பக்கத்து வீட்டுப் பேச்சு! என் பக்கத்து வீட்டு அண்ணன், அதான் நைட் ஷிப்ட் அண்ணன், வீட்டுல தெலுங்கு பேசுறவர். ஒரு கிருதியில எனக்குப் புரியாத வார்த்தையை அவர்கிட்டதான் கேட்டேன். தூக்கக் கலக்கத்துலயும் அழகா சொன்னார். மூணு மொழி அலமாரிக்கு முன்னாடி கூச்சமில்லாம நிக்கக்கூடிய மாணவர்கள் இருக்கிற ஊர்ல, அந்த அலமாரி மட்டும் இல்லை.

பக்கத்துல ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு. கிருஷ்ணகிரியில கலை பண்பாட்டுத் துறையோட மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கு. இந்த அரசு இசைப்பள்ளிகள்ல குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் சொல்லித் தர்றாங்க. மூணு வருஷச் சான்றிதழ்ப் படிப்பு. இந்தப் பக்கம் பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். அங்க ஜே.பி.நகர்ல 2019-ல திறந்த இந்திய இசை அனுபவ அருங்காட்சியகம் இருக்கு. பதிவுகளைக் கேட்கலாம், தோட்டத்துல இருக்கிற ஒலிச் சிற்பங்களைத் தட்டிப் பார்க்கலாம். தட்டினா யாரும் 'உஷ்ஷ்' சொல்ல மாட்டாங்க. ஒரு தடவை போய்ட்டு வாங்க, சத்தத்துக்குன்னு கட்டின இடம் எப்படி இருக்கும்னு தெரியும்.

சரி, இப்ப என்ன பண்றது?

புலம்பிட்டு முடிச்சா இது கட்டுரையே இல்லை. உங்க கையில என்ன இருக்கு, அதைச் சொல்றேன்.

ஒண்ணு. நாளைக்கே உங்க காலேஜ் லைப்ரரிக்குப் போங்க. டியூவி முறையில அடுக்கியிருந்தா 780-ங்கிற எண் இசைக்கு. கோலன் முறையா இருந்தா 'என்.ஆர்.'. அந்த அலமாரியில எத்தனை புத்தகம் இருக்குன்னு எண்ணுங்க. பூஜ்யமா இருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பூஜ்யத்தை எழுதி வெச்சுக்கோங்க. பின்னாடி உதவும்.

ரெண்டு. ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா' தளம் இருக்கு. இந்தியப் பல்கலைக்கழகங்கள்ல முனைவர் பட்டத்துக்கு எழுதினது, இசையும் சேர்த்து, அங்க இலவசம். மியூசிக் அகாடமியோட பழைய இதழ்களும் இணையத்துல கிடைக்குது. தமிழ் இணையக் கல்விக் கழகத்தோட மின் நூலகத்துல பழைய தமிழ் நூல்களைத் தேடலாம். வெளியூர்க் காப்பகத்துக்குப் போறதா இருந்தா, முன்னாடியே போன் பண்ணி நேரமும் அனுமதியும் கேட்டுட்டுப் போங்க.

மூணு. உங்க காலேஜ்ல வாத்தியம் வாசிக்கிறவங்க, பாடுறவங்க எத்தனை பேருன்னு ஒரு பட்டியல் போடுங்க. கல்ச்சுரல்ஸ் மேடையில ஏறுறவங்களை மட்டும் எழுதாதீங்க. வீட்டுல தலையணையில தட்டிட்டு இருக்கிறவங்களையும் சேருங்க. அவங்கதான் அதிகம் இருப்பாங்க.

நாலு. ஒரு மனு. கட்டடம் கேட்காதீங்க. நூலகத்துக்குப் பக்கத்துல ஒரே ஒரு அறை கேளுங்க. கனமான கதவு, ரப்பர் பட்டை, ஜமுக்காளம், வாத்தியம் வைக்க வெயில் படாத ஒரு பீரோ, ரெண்டு ஹெட்போன், ஒரு பழைய கம்ப்யூட்டர், நேரம் எழுதுற ஒரு நோட்டு. அவ்வளவுதான். ஒரு ஆண்டு விழாவுக்குப் போடுற சீரியல் செட்டோட செலவை மிஞ்சாது!

'காலேஜ் எதுக்குத் தரும்?'னு கேட்காதீங்க. நாக் மதிப்பீட்டுக்காகக் கல்லூரிகள் எழுதிக் கொடுக்கிற அறிக்கையில, கலை நிகழ்ச்சிகளுக்கு என்ன வசதி இருக்குன்னும், நூலகத்துல என்ன வசதி இருக்குன்னும் பல வருஷமா கேட்டிருக்காங்க. ஒரே அறை ரெண்டு கேள்விக்கும் பதில் சொல்லும். இதை மனுவுல ஒரு வரி சேர்த்துப் பாருங்க, பிரின்சிபால் கண்ணாடியைக் கழட்டிட்டு ரெண்டாவது தடவை படிப்பார்!

நூலகம் என்பதே புத்தகத்தைப் பூட்டி வைக்கிற இடம்னு நாடே நினைச்சிருந்த காலத்துல, 1924-ல சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் நூலகரா வந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சீர்காழிக்காரர். மேல சொன்ன கோலன் முறையும் அவர் உருவாக்கினதுதான். 1931-ல அவர் எழுதின நூலக விதிகள்ல முதல் விதி, புத்தகம் பயன்படுத்தத்தான் என்பது. அந்த ஒரு விதிக்காக நூலகம் எந்த இடத்துல இருக்கணும், எத்தனை மணி வரை திறந்திருக்கணும், நாற்காலி மேசை எப்படி இருக்கணும்னு எல்லாம் யோசிச்சார். நாற்காலியும் நேரமும் சின்ன விஷயம்னு அவர் நினைக்கல. இசைப் புத்தகம் எப்ப 'பயன்படும்'? யாராவது அதைத் திறந்து, ஒரு தடவையாவது சத்தமா வாசிச்சுப் பார்க்கும்போதுதானே?

உங்க காலேஜ் மாடியிலயோ ஆடிட்டோரியத்துக்குப் பின்னாடியோ, உடைஞ்ச பெஞ்சும் பழைய பேனரும் போட்டுப் பூட்டி வெச்ச ரூம் ஒண்ணு நிச்சயம் இருக்கும். உங்க பேட்ச்லயே ஒருத்தன் அடுத்த வாரம் தவிலை ஊருக்கு பஸ் ஏத்தப் போறான். அதுக்குள்ள போய், அந்த ரூம் சாவி யார்கிட்ட இருக்குன்னு விசாரிங்க!